மனச்சிதைவு நோய்: குரல்கள் அடங்கிய பின்னரும் திரும்பாத நினைவாற்றல்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ராண்ட்விக் பகுதியில் அமைந்துள்ளது நியூரா எனப்படும் நரம்பியல் ஆய்வு நிறுவனம். மனச்சிதைவு நோயின் காரணங்களைத் தேடி இங்கு பணியாற்றிய ஆய்வாளர்கள், உயிருடன் இருக்கும் நோயாளிகளை மட்டுமன்றி, இறந்தோரின் மூளைத் திசுக்களையும் ஆராய்ந்தனர். வாழ்நாளில் இந்நோயால் அவதியுற்றவர்களும், நோயே இல்லாதவர்களும் தங்கள் மரணத்துக்குப் பின் அறிவியலுக்கென விட்டுச் சென்ற கொடை அது.

இந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சிண்டி ஷனன் வைக்கர்ட். அமெரிக்கரான அவர் பதின்ம வயதில் இருந்தபோது, அவரது இரட்டைச் சகோதரர் மனச்சிதைவு நோய்க்கு ஆளானார். தாம் இத்துறைக்கு வந்ததற்கு அதுவே காரணம் என்று அவர் பொது மேடைகளில் தெரிவித்திருக்கிறார். ஒரே கருப்பையில் வளர்ந்து, ஒரே வீட்டில் வாழ்ந்த இருவரில் ஒருவரை மட்டும் நோய் ஏன் பற்றியது என்ற கேள்வியே அவரது ஆய்வு வாழ்வின் தொடக்கம்.

அந்தக் கேள்விக்கு முழுமையான விடை இன்னமும் கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தேடிச் சென்ற வழியில் சிட்னியிலும் மெல்பர்னிலும் கிடைத்த விடைகள் மற்றொரு முக்கியமான உண்மையைச் சுட்டுகின்றன. மருத்துவர்கள் ஒரே பெயரால் அழைத்துவரும் இந்நோய், உண்மையில் ஒரே நோயாக இல்லாமல் இருக்கலாம் என்பதே அது.

பெயரும் பொருளும்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர் மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். அதாவது ஏறக்குறைய 300 பேரில் ஒருவர். பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ இது வெளிப்படுகிறது. கல்வியை முடித்து, வேலைக்குச் செல்லவும் மணம் புரியவும் ஆயத்தமாகும் பருவம் அது என்பதால், குடும்பங்களுக்கு இதனால் ஏற்படும் இழப்பு மிகப் பெரிது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை விரிவாக வகைப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்ளின், இதற்கு 'இளமையில் வரும் அறிவுத் தேய்வு' என்று பொருள்படும் பெயரை இட்டார். 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர், 'ஸ்கிட்சோஃப்ரினியா' என்ற புதிய பெயரை முன்வைத்தார். 'பிளவுபட்ட மனம்' என்பது அதன் பொருள். ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் இருப்பதாகப் பலர் இதனைத் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான இசைவு குலைவதையே புளூலர் குறிப்பிட்டார்.

நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கின்றனர். எவரும் பேசாதபோது குரல்கள் கேட்பது, தம்மை யாரோ பின்தொடர்வதாக அசைக்க முடியாதபடி நம்புவது போன்றவை முதல் வகை. ஆர்வம் குன்றுதல், பேச்சு சுருங்குதல், பிறருடன் பழகாமல் ஒதுங்குதல் ஆகியவை இரண்டாவது வகை. கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன், சிந்தனையின் வேகம் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடு மூன்றாவது வகை. இம்மூன்றாவது வகையைத்தான் அறிதிறன் குறைபாடு என்கின்றனர்.

முதல் வகை அறிகுறிகள் அனைவர் கண்ணிலும் படுபவை. உறவினர்களை மருத்துவமனைக்கு ஓடச் செய்பவையும் அவையே. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை நோயாளிகளுக்கு அளித்துப் பயன் கண்டனர். இன்று வழக்கில் உள்ள மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைக் கட்டுப்படுத்தி, குரல்களையும் தவறான நம்பிக்கைகளையும் இவை பலருக்கு அடக்குகின்றன.

ஆனால் மூன்றாவது வகைக் குறைபாட்டை இம்மருந்துகள் பெரிதாகச் சீர்செய்வதில்லை. குரல்கள் அடங்கி வீடு திரும்பிய இளைஞர், கடைக்குச் சென்றால் வாங்கவேண்டியதை மறந்துவிடுகிறார். தொலைபேசி எண்ணை ஒருமுறை கேட்டு மனதில் வைத்துக்கொள்ள முடிவதில்லை. பலர் ஒரே நேரத்தில் பேசினால் பின்தொடர இயலாமல் எழுந்து சென்றுவிடுகிறார். 'நோய் குணமாகிவிட்டது, ஆனால் சோம்பேறியாகிவிட்டான்' என்று குடும்பத்தினர் நொந்துகொள்வது இக்கட்டத்தில்தான். அது சோம்பல் அல்ல, நோயின் ஒரு பகுதி என்பது பல குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லப்படுவதே இல்லை.

நோயாளி மீண்டும் படிக்கவும், வேலை பார்க்கவும், தனித்து வாழவும் முடியுமா என்பதைக் குரல்களைக் காட்டிலும் இந்த அறிதிறன் குறைபாடே பெரிதும் தீர்மானிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பலருக்கு முதல் நோய்த் தாக்குதலுக்கு முன்பே, பள்ளிப் பருவத்திலேயே, இதன் சாயல் தென்படுகிறது.

நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு

இறந்தோரின் மூளையில் மனச்சிதைவு நோயின் தடயத்தைத் தேடும் முயற்சி நீண்ட காலம் ஏமாற்றத்தையே தந்தது. அல்சைமர் நோய் போன்றவற்றில் நுண்ணோக்கியின் வழியே தெளிவாகத் தெரியும் சிதைவு எதுவும் இந்நோயில் தென்படவில்லை. நரம்பு நோயியல் வல்லுநர்களுக்கு மனச்சிதைவு ஒரு கல்லறை என்று அமெரிக்க நரம்பியலாளர் பிரெட் பிளம் 1972ஆம் ஆண்டில் எழுதும் அளவுக்கு நம்பிக்கை தளர்ந்திருந்தது. 1976ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஈவ் ஜான்ஸ்டன் தலைமையிலான குழு, நோயாளிகளின் மூளையில் திரவம் நிறைந்த அறைகள் விரிந்திருப்பதை ஸ்கேன் படங்களில் காட்டியபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

மரபணுக்களின் செயல்பாட்டைத் திசுவிலேயே அளக்கும் முறைகள் பின்னர் வந்தன. உயிரணுவில் ஒரு மரபணு எந்த அளவுக்கு இயங்கிக்கொண்டிருந்தது என்பதை, அது விட்டுச் சென்ற ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைக் கொண்டு அறிய முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை எண்ணிக்கையால் அறியும் வழி இது.

நியூயார்க்கில் முனைவர் பட்டம் பெற்ற வைக்கர்ட், அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் இந்த முறைகளைக் கையாண்டார். மூளையின் நெற்றிப்புறத்தில் உள்ள புறணிப் பகுதியே அவரது முக்கியக் களம். ஒரு செய்தியைச் சில நொடிகள் மனதில் நிறுத்தி அதைக் கொண்டு செயலாற்றும் திறனுக்கு இப்பகுதி இன்றியமையாதது. நரம்பணுக்கள் வளரவும் இணைப்புகளை உருவாக்கவும் உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம், நோயாளிகளின் மூளையில் இப்பகுதியில் குறைந்திருப்பதை 2003ஆம் ஆண்டில் அவரது குழு வெளியிட்டது.

அடுத்து அவர்கள் கவனம் செலுத்தியது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மீது. பெண்களின் இனப்பெருக்க ஹார்மோனாக அறியப்படும் இது, ஆண், பெண் இருபாலர் மூளையிலும் செயல்படுகிறது. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. நரம்பணுக்களைக் காப்பதிலும், அவற்றுக்கு இடையிலான இணைப்புகளைப் பேணுவதிலும் அதற்குப் பங்குண்டு.

ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் உயிரணுவில் சரியாக அமைந்திருக்கவேண்டும். பூட்டுப் பழுதானால் சாவி இருந்தும் பயனில்லை. மனச்சிதைவு நோய் கொண்டிருந்தோரின் மூளைத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுச் செயல்பாட்டில் மாற்றங்கள் இருப்பதை வைக்கர்ட் குழு கண்டது. அந்த மரபணுவின் சில மாறுபட்ட வடிவங்கள் நோய்க்கான வாய்ப்புடன் தொடர்புடையவை என்று 2008ஆம் ஆண்டில் அவர்கள் தெரிவித்தனர். இயல்பான ஏற்பியின் பணிக்குக் குறுக்கே நிற்கும் குறைவடிவங்களும் திசுவில் காணப்பட்டன.

இதற்கிடையே, 2007ஆம் ஆண்டு வாக்கில் வைக்கர்ட் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் நியூரா நிறுவனமும் இணைந்து அமைத்த மனச்சிதைவு ஆய்வுக்கான பேராசிரியர் பொறுப்பை அவர் ஏற்றார். அவரது கணவரும் அறிதிறன் நரம்பியல் ஆய்வாளருமான தாமஸ் வைக்கர்ட்டும் அங்கு இணைந்து பணியாற்றினார். திசுவில் கண்டதை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் முயற்சி அதன் பின்னரே வேகம் பெற்றது.

மெல்பர்னில் மற்றொரு பாதை

இதே ஹார்மோனை நோக்கி, முற்றிலும் வேறான திசையிலிருந்து மெல்பர்னில் மற்றொருவர் வந்துகொண்டிருந்தார். மோனாஷ் பல்கலைக்கழகத்தையும் ஆல்ஃபிரட் மருத்துவமனையையும் சேர்ந்த மனநல மருத்துவர் ஜெயஸ்ரீ குல்கர்ணி, இந்திய வம்சாவளியினர்.

அவரது தொடக்கம் திசு ஆய்வு அல்ல, நோயாளிகளிடம் கண்ட அனுபவம். மனச்சிதைவு கொண்ட பெண்களில் சிலருக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் அறிகுறிகள் மோசமடைகின்றன. மகப்பேற்றுக்குப் பின்னரும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அதே நிலை ஏற்படுகிறது. இவை அனைத்தும் ஈஸ்ட்ரோஜன் அளவு சரியும் காலங்கள். பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிடச் சராசரியாகச் சில ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குவதையும், மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பெண்களிடம் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை மீண்டும் ஒருமுறை உயர்வதையும் ஜெர்மனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த ஹைன்ஸ் ஹெஃப்னர் முன்பே ஆவணப்படுத்தியிருந்தார்.

அவ்வாறெனில், வழக்கமான மருந்துகளுடன் ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்பதே குல்கர்ணியின் கேள்வி. 1990களில் சிறிய அளவில் தொடங்கிய அவரது சோதனைகள் படிப்படியாக விரிந்தன. 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 102 பெண்கள் பங்கேற்றனர். தோலில் ஒட்டும் பட்டையின் வழியே 28 நாட்கள் ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களுக்கு, போலிப் பட்டை ஒட்டப்பட்டவர்களைவிடக் குரல்கள், தவறான நம்பிக்கைகள் போன்ற அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. 2015ஆம் ஆண்டில் 183 பெண்களைக் கொண்ட எட்டு வார ஆய்வும் இதே திசையில் விடை தந்தது.

எனினும் ஈஸ்ட்ரோஜனை நீண்ட காலம் கொடுப்பதில் ஆபத்துகள் உண்டு. மார்பகத்திலும் கருப்பையிலும் புற்றுநோய் வாய்ப்பை அது கூட்டக்கூடும். ஆண்களுக்குக் கொடுப்பதும் எளிதல்ல. எனவே இரு நகரங்களின் ஆய்வாளர்களும் ரலாக்ஸிஃபீன் என்ற மருந்தை நாடினர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதைத் தடுப்பதற்காக 1990களின் இறுதியிலிருந்து பயன்படுத்தப்பட்டுவரும் மாத்திரை இது. எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் இது, மார்பகத்தில் அதற்கு எதிராகச் செயல்படுகிறது.

ஒரே மருந்து, வெவ்வேறு விடைகள்

சிட்னி குழுவின் சோதனையில் ஆண்கள், பெண்கள் என இருபாலரும் சேர்க்கப்பட்டனர். வழக்கமான மருந்துகளுடன் நாள் ஒன்றுக்கு 120 மில்லிகிராம் ரலாக்ஸிஃபீன் ஒரு சாராருக்கும், போலி மாத்திரை மற்றொரு சாராருக்கும் ஆறு வாரங்கள் வழங்கப்பட்டன. பின்னர் இரு சாராரும் இடம் மாற்றப்பட்டனர். யாருக்கு எது தரப்படுகிறது என்பதை நோயாளிகளோ பரிசோதித்தவர்களோ அறியவில்லை.

2015ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, முதல் ஆறு வாரங்களை நிறைவு செய்து ஒப்பிடப்பட்ட 79 பேரில், மருந்து பெற்றவர்களின் நினைவாற்றலும் கவனமும் போலி மாத்திரை பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. குரல்கள் முதலான அறிகுறிகளில் வேறுபாடு இல்லை. மருந்தை நிறுத்திய பின்னரும் பயனில் ஒரு பகுதி நீடித்ததற்கான அடையாளமும் தென்பட்டது.

இத்துடன் மூளை ஸ்கேன் ஆய்வும் நடத்தப்பட்டது. திரையில் தோன்றும் சீட்டுகளைப் பார்த்து, மழை வருமா வெயில் அடிக்குமா என்று ஊகிக்கவேண்டும். விதி எதுவும் சொல்லித்தரப்படுவதில்லை. சரியா தவறா என்ற பதிலைக் கொண்டு சிறிது சிறிதாகக் கற்கவேண்டும். அன்றாட வாழ்வில் மனிதர் கற்பவற்றில் பெரும்பகுதி இத்தகையதே. ரலாக்ஸிஃபீன் பெற்றவர்களிடம், நினைவுகளைப் பதிப்பதில் முக்கியப் பங்காற்றும் ஹிப்போகாம்பஸ் பகுதி இச்சோதனையின்போது கூடுதலாக இயங்கியது.

ஆனால் மெல்பர்னில் குல்கர்ணி குழுவினர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய் கொண்ட, நடுவயதையும் முதுமையையும் எட்டிய 56 பெண்களுக்கு அதே அளவு ரலாக்ஸிஃபீனோ போலி மாத்திரையோ 12 வாரங்கள் வழங்கப்பட்டது. மருந்து பெற்றவர்களுக்கு நோயின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அறிதிறனில் இரு சாராருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

2017ஆம் ஆண்டில் இஸ்ரேலின் மார்க் வைசர் தலைமையில் ருமேனியாவில் நடத்தப்பட்ட பெரிய சோதனை மேலும் குழப்பத்தைத் தந்தது. மாதவிடாய் நின்ற, நோய் கடுமையாக இருந்த 200 பெண்களில், ரலாக்ஸிஃபீன் பெற்றவர்களைவிடப் போலி மாத்திரை பெற்றவர்களே சற்று நன்றாக இருந்தனர். அதே குழு 2019ஆம் ஆண்டில் மல்டோவாவில் ஈஸ்ட்ரோஜன் பட்டையைக் கொண்டு நடத்திய சோதனையிலோ பயன் தெரிந்தது. அதுவும் முக்கியமாக 38 வயதைத் தாண்டிய பெண்களிடம்.

ஒரே மருந்து ஒரு நகரில் நினைவாற்றலையும், மற்றொரு நகரில் அறிகுறிகளையும் சீர்செய்து, மூன்றாவது இடத்தில் பயனற்றுப் போவது எவ்வாறு? சோதனைகளில் பங்கேற்றோரின் எண்ணிக்கை குறைவாக இருந்ததும், வயதும் நோயின் கடுமையும் மாறுபட்டதும் காரணங்களாக இருக்கக்கூடும். ஆனால் அதைவிட அடிப்படையான மற்றொரு விளக்கம் மூளைத் திசு ஆய்விலிருந்தே கிடைத்தது.

ஒரே பெயர், பல நோய்கள்?

2013ஆம் ஆண்டில் வைக்கர்ட் குழு, நோயாளிகளின் நெற்றிப்புறப் புறணியில் அழற்சி தொடர்பான மரபணுக்களின் செயல்பாட்டை அளந்தது. காயமோ தொற்றோ ஏற்படும்போது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு வெளிப்படுத்தும் எதிர்வினையே அழற்சி. நோயாளிகள் அனைவரிடமும் இது மிதமாகக் கூடியிருக்கவில்லை. சுமார் 40 சதவீதத்தினரிடம் மட்டும் அது மிகவும் உயர்ந்திருந்தது. மற்றவர்கள் நோயற்றோரைப் போலவே இருந்தனர். சராசரியை மட்டும் கணக்கிட்டிருந்தால் இந்தப் பிரிவினை கண்ணில் பட்டிருக்காது.

2016ஆம் ஆண்டில் இக்குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, உயிருடன் இருக்கும் நோயாளிகளின் இரத்தத்திலும் இத்தகைய பிரிவைக் கண்டது. அழற்சிக் குறியீடுகள் உயர்ந்திருந்தவர்களுக்குச் சொற்களை விரைந்து எடுத்துரைக்கும் திறன் மற்ற நோயாளிகளைவிடக் குறைந்திருந்தது. மூளையில் பேச்சுடன் தொடர்புடைய புரோகா பகுதியின் பருமனும் சிறுத்திருந்தது.

அடுத்த படியாக, இரத்தத்தில் அழற்சி உயர்ந்திருந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அழற்சியைத் தணிக்கும் கனாகினுமாப் என்ற மருந்து அளிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகளின்படி, இரத்தத்தில் அழற்சிக் குறியீடு குறைந்ததுடன் குரல்கள் முதலான அறிகுறிகளும் தணிந்தன. மிகச் சிறிய எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்ட சோதனை என்பதால் இதனை முடிவான சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் நோயாளிகளை அனைவரும் ஒன்றெனக் கருதாமல், உடற்கூறு அடிப்படையில் பிரித்து மருந்து தேடும் அணுகுமுறைக்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

மெல்பர்னிலும் இதையொத்த கண்டுபிடிப்பு நிகழ்ந்திருந்தது. பிரையன் டீன், எலிசபெத் ஸ்கார், சுரேஷ் சுந்தரம் உள்ளிட்டோர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட மூளைத் திசு ஆய்வில், மனச்சிதைவு கொண்டிருந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மட்டும் மஸ்கரினிக் எனப்படும் ஏற்பிகள் சுமார் 75 சதவீதம் குறைந்திருப்பது தெரியவந்தது. கற்றலிலும் நினைவிலும் பங்காற்றும் ஏற்பிகள் அவை.

இந்த ஏற்பிகளைத் தூண்டும் சனோமெலின் என்ற பொருள் அடங்கிய புதிய மருந்துக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. டோபமைன் ஏற்பிகளை நேரடியாகத் தடுக்காமல் செயல்படும் மருந்து ஒன்று இந்நோய்க்கு வருவது பல பத்தாண்டுகளில் இதுவே முதன்முறை. ஆனால் அறிதிறன் குறைபாட்டுக்கென்றே சோதிக்கப்பட்ட ஐக்லபர்டின் என்ற மற்றொரு மருந்து, பெரிய அளவிலான மூன்றாம் கட்டச் சோதனைகளில் பயன் தரவில்லை என்று 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது.

நான்கில் ஒருவருக்குப் பயன் தரக்கூடிய மருந்தை நூறு பேருக்குக் கொடுத்துச் சராசரி பார்த்தால், பயனற்றது என்றே தோன்றக்கூடும். ரலாக்ஸிஃபீன் ஆய்வுகளில் தென்படும் முரண்பாட்டுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை இரத்தப் பரிசோதனை போன்ற எளிய வழியில் முன்கூட்டியே அறிய முடிந்தால்தான் இந்தக் கண்டுபிடிப்புகள் நோயாளிகளின் கைக்குச் சென்றடையும். இன்றைய மருத்துவமனைகளில் அத்தகைய பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை.

சென்னை தரும் பாடம்

ஆய்வுக்கூடங்கள் விடை காணும் வரை குடும்பங்கள் காத்திருக்க இயலாது. இங்குதான் சென்னையின் அனுபவம் கவனத்துக்குரியதாகிறது.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் முன்னாள் கண்காணிப்பாளரும், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகக் கருதப்படுபவருமான சாரதா மேனன், 1984ஆம் ஆண்டில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். 2021ஆம் ஆண்டில் அவர் காலமானார். அந்நிறுவனத்தை நீண்ட காலம் வழிநடத்திய மருத்துவர் ஆர். தாராவும் அவரது குழுவினரும், 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாக நோய்க்குச் சிகிச்சை பெற வந்த 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். இவர்களில் கணிசமானோர் நோயின் கடுமை தணிந்து, குடும்பத்துடன் வாழ்ந்து, வேலைக்கும் சென்றனர் என்பது அந்த ஆய்வு காட்டிய நம்பிக்கையூட்டும் உண்மை.

அதன் மறுபக்கத்தையும் தாரா குழுவினர் பதிவு செய்துள்ளனர். நோயுற்ற ஆண்களை மனைவியர் பெரும்பாலும் பராமரிக்கின்றனர். ஆனால் நோயுற்ற பெண்கள் பலர் கணவரால் கைவிடப்பட்டுப் பெற்றோரிடமே திரும்புகின்றனர். பெற்றோரின் காலத்துக்குப் பின் அவர்களின் கதி என்ன என்ற கேள்வி, புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்நியமானதன்று.

அறிதிறன் குறைபாடும் நோயின் ஒரு பகுதியே என்பதை அறிந்துகொள்வது, வீட்டில் நடைமுறை மாற்றத்தைக் கொண்டுவரக்கூடியது. ஒரே நேரத்தில் ஐந்து வேலைகளைச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுதல், செய்யவேண்டியவற்றை எழுதி ஒட்டிவைத்தல், மருந்து உண்ணும் நேரத்தை ஓர் அன்றாடப் பழக்கத்துடன் இணைத்தல் போன்றவை செலவில்லாத உதவிகள். கவனத்தையும் நினைவாற்றலையும் பயிற்சியால் மேம்படுத்தும் அறிதிறன் மறுவாழ்வுச் சிகிச்சை, வேலைவாய்ப்புக்கான ஆதரவுடன் சேர்த்துத் தரப்படும்போது பயன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

ரலாக்ஸிஃபீன் மருந்துக்கடைகளில் கிடைக்கும் மாத்திரை என்பதால், குடும்பத்தினர் தாமாகவே அதனை வாங்கிக் கொடுக்க முற்படுவது ஆபத்தானது. இரத்த நாளங்களில் உறைகட்டியை உண்டாக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது. மனச்சிதைவுக்கான மருந்தாக அது அங்கீகரிக்கப்படவும் இல்லை. அவ்வாறே, வழக்கமான மருந்துகள் நினைவாற்றலைச் சீர்செய்யவில்லை என்பதற்காக அவற்றை நிறுத்துவதும் தவறு. மருந்து நின்றால் குரல்கள் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

விடையும் வினாவும்

வைக்கர்ட் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் நகரில் உள்ள அப்ஸ்டேட் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். தன் சகோதரருக்கு ஏன் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை என்பதையே அவரது ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே மரபணுக்களைக் கொண்ட, உருவொத்த இரட்டையரில்கூட ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியைத் தாண்டுவதில்லை. மரபு ஒரு பகுதியை மட்டுமே தீர்மானிக்கிறது. வளர்ப்பே காரணம் என்று பெற்றோரைக் குற்றம் சாட்டுவதற்கோ அறிவியலில் இடமில்லை.

இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்தது, பெயர் வெளியிடப்படாத கொடையாளர்களின் மூளைத் திசு. சிட்னியிலும் மெல்பர்னிலும் இதற்கென மூளை வங்கிகள் இயங்குகின்றன. இந்தியாவில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995ஆம் ஆண்டு முதல் மூளை வங்கி ஒன்று செயல்பட்டுவருகிறது. இத்தகைய வங்கிகளுக்கு நோயுற்றோரின் மூளை மட்டுமன்றி, ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றோரின் மூளையும் தேவைப்படுகிறது.

மரணம் நிகழ்ந்த வீட்டில், துயரத்தின் நடுவே, சில மணி நேரத்துக்குள் குடும்பத்தினர் எடுக்கவேண்டிய முடிவு அது. கண் தானத்துக்கு இன்று தமிழ்ச் சமூகத்தில் பரவலான ஏற்பு உள்ளது. மூளைக் கொடை குறித்து அத்தகைய பேச்சு இன்னும் தொடங்கவில்லை. ஒரு குடும்பத்தில் நேர்ந்த நோயைப் பற்றி அடுத்த குடும்பத்துக்குச் சற்றேனும் தெளிவான பதிலைத் தரவல்லது அந்தக் கொடை என்பதையே, இரு நகரங்களின் ஆய்வு அனுபவம் உணர்த்துகிறது.